வட்டி கேட்டு வந்தோரும் ஏச்சு வாங்கிச் சென்றோரும்

படிவம் நிரப்புபவனின் தொழில் என்பது, பிறருடைய பணம் எங்கே போகப்போகிறது என்பதைத் தன் கையாலேயே எழுதிவிட்டு, அதைத் தடுக்க வழியின்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் தொழில்.

மன்னார்ப் பட்டணத்தில், பஸ் நிலையத்துக்கு அண்மையில், நிஸார் என்பவரின் போட்டோக்கொப்பிக் கடைக்குள் எனக்கு ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் உண்டு. நிலையான வைப்பு, நகைக் கடன், லீசிங், பங்குச் சந்தைக் கணக்கு ஆகிய எல்லாவற்றுக்குமான படிவங்களை இருபது வருடங்களுக்கு மேலாக அங்கிருந்து நிரப்பிக் கொடுக்கிறேன். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவனல்லன். கம்பனிகளின் ஆண்டறிக்கைகளை வரவழைத்து, ஆங்கில அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்ற அளவில் வாசித்தே வட்டியையும் இலாபத்தையும் ஆபத்தையும் கற்றுக்கொண்டேன். இதை நான் வெட்கத்தோடு எழுதவில்லை, பெருமையோடுதான் எழுதுகிறேன்.

வாசகர்களே, உங்களிலும் பலர் விடை தெரிந்திருந்தும் கேட்பாரின்றி நின்றவர்களாக இருப்பீர்கள். உங்கள் மைத்துனர் ஏமாறப்போவதை ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லி, அதற்காக அவரிடமே பகை தேடிக்கொண்டவர்களும் உங்களுள் இருக்கக்கூடும். நாம் ஒரே நோய்க்காரர். ஆகவே என் கோபத்தை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. கீழே வருபவற்றுள் பெரும்பாலானவை பேசாலையைச் சேர்ந்த ஒரு கணவன் மனைவியின் பன்னிரண்டு இலட்சம் ரூபாயைப் பற்றியவை. அந்தப் பணத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் இரத்தம் கொதிக்கிறது.

பதினான்கு வீதம்

என் தொழில் எத்தகையது என்பதை விளக்க முதலில் ஒன்றைச் சொல்கிறேன். நானாட்டானில் ஆறு ஏக்கர் வயல் செய்யும் கணபதிப்பிள்ளை என்பவர், உழவு இயந்திரம் வாங்குவதற்கான லீசிங் படிவத்தோடு வந்தார். இருபது இலட்சம் ரூபாய், ஐந்து வருடம், வட்டி பதினான்கு வீதம். லீசிங் கம்பனியின் உத்தியோகத்தர் அவருடைய வயல் வரம்புக்கே வந்து, தேநீர் குடித்து, இத்தனையும் விளக்கிவிட்டுப் போயிருந்தார்.

நான் பென்சிலை எடுத்தேன். இருபது இலட்சத்துக்கு வருடம் பதினான்கு வீதம் என்றால் இரண்டு இலட்சத்து எண்பதாயிரம். ஐந்து வருடத்துக்குப் பதினான்கு இலட்சம். ஆக முப்பத்துநான்கு இலட்சத்தை அறுபது தவணைகளில் கட்ட வேண்டும். இதில் என்ன பிழை என்று நீங்கள் கேட்கலாம். மூன்றாம் வருடத்தின் நடுவில் அவர் வாங்கிய தொகையில் ஏறக்குறையப் பாதியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். ஐந்தாம் வருடத்தில் அவர் கையில் கம்பனியின் பணம் மிகச் சொற்பமே இருக்கும். ஆயினும் வட்டியோ கடைசி மாதம் வரைக்கும் முழு இருபது இலட்சத்துக்கும் அறவிடப்படுகிறது. உண்மையில் கையில் உள்ள பணத்துக்கு மட்டும் கணக்கிட்டால் அது பதினான்கு வீதமன்று, இருபத்துமூன்றுக்கும் மேல். இதை அவருக்கு மூன்று முறை விளக்கினேன். மூன்றாம் முறை மேசையில் அடித்து விளக்கினேன்.

கணபதிப்பிள்ளை நான் எழுதிய தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். பின்னர் கையொப்பமிடுவதற்காக என்னுடைய பேனையையே வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஐயா, அந்தத் தம்பி பதினாலெண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னவர். நீங்கள் இருபத்துமூண்டெண்டு கத்திக்கொண்டு சொல்லுறியள். எனக்கென்னவோ அவரிலதான் நம்பிக்கையாக் கிடக்கு."

வட்டி கேட்காத சம்மாட்டி

பேசாலைத் தம்பதியர் முதன்முதலில் வந்தது ஒரு திங்கட்கிழமை. கணவர் சூசை, நாற்பத்தைந்து வயதிருக்கும், நண்டு பிடிப்பவர். மனைவி றோசலின் கருவாடு போட்டு வவுனியாவுக்கும் அனுராதபுரத்துக்கும் அனுப்புபவர். தாய்வழிக் காணியில் தமக்கு வந்த துண்டை விற்ற பணமும், எட்டு வருடமாகக் கருவாட்டில் மிச்சம் பிடித்த பணமுமாகச் சேர்ந்து பன்னிரண்டு இலட்சம் றோசலினுடைய பெயரில் இருந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது பதினைந்து இலட்சம். அதற்கு, கடலுக்குப் போக ஒரு பிளாஸ்டிக் போட்டும் இஞ்சினும் வலைகளும் வாங்கலாம். இருபது வருடமாகச் சூசை ஓடுவது இன்னொருவருடைய போட்டு. கடற்கரையில் சம்மாட்டி என்று அழைக்கப்படும் படகு முதலாளி ஒருவருடையது.

அந்தச் சம்மாட்டி ஐந்து வருடத்துக்கு முன் இரண்டு இலட்சம் ரூபாய் முற்பணம் கொடுத்திருந்தார். வட்டி இல்லை. ஆனால் சூசையின் பங்குக்கு வரும் நண்டை அவருக்கே விற்க வேண்டும். சந்தை விலையிலும் பார்க்கக் கிலோவுக்கு நூறு ரூபாய் குறைத்து. நாளொன்றுக்குப் பத்துக் கிலோ. ஆக ஆயிரம் ரூபாய். மாதத்தில் இருபது நாள் கடல் என்றால் இருபதாயிரம். வருடத்துக்கு இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம். இரண்டு இலட்சம் கடனுக்கு வருடந்தோறும் இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் கொடுத்தும், கடன் மட்டும் பிறந்தநாள் போல வருடா வருடம் அப்படியே வந்து நின்றது. நூற்று இருபது வீத வட்டி. கணபதிப்பிள்ளையின் லீசிங் கம்பனியே இதனிடம் பாடம் கேட்க வேண்டும்.

முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். கொடுத்தால் போட்டை அடுத்த நாளே வேறொருவரிடம் கொடுத்துவிடுவார் என்றார் றோசலின். அது உண்மைதான். சொந்தப் போட்டு வரும்வரைக்கும் அந்தக் கட்டு அவிழாது. ஆனால் இது கடனல்ல, கழுத்துக் கயிறு என்பதையாவது சூசை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "வட்டியெண்டு ஒருநாளும் அந்த மனுசன் வாய் திறந்து கேட்டதில்லை ஐயா. என்ர மூத்தவளுக்குக் கோயில்ல முதல் நன்மை குடுத்த நாளில ரெண்டு தட்டுக் கேக்கும் அனுப்பினவர்."

மூன்று வருடக் கணக்கு

பன்னிரண்டைப் பதினைந்தாக்குவதற்கு என்னிடம் நேர்மையான ஒரு வழி இருந்தது. அன்று அரச வங்கியில் நிலையான வைப்புக்கு எட்டு வீதம் கிடைத்தது. முதல் வருட முடிவில் தொண்ணூற்றாறாயிரம் வட்டி. அதை எடுக்காமல் விட்டால் இரண்டாம் வருடம் அந்தத் தொண்ணூற்றாறாயிரமும் வட்டி உழைக்கும். மூன்றாம் வருட முடிவில், வரியை விட்டுப் பார்த்தால், பதினைந்து இலட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சம். வட்டிக்கு வட்டி என்பது பொறுமைசாலிக்குக் கொடுக்கப்படும் சம்பளம் என்று விளக்கினேன். றோசலின் கண்ணை இமைக்காமல் கேட்டார். அன்றே வைப்புப் படிவத்தை நிரப்பினோம். நான் யோசித்து, ஒரே பத்திரமாக வேண்டாம், ஆறு ஆறாக இரண்டு பத்திரங்களாகப் போடுங்கள் என்றேன். அவசரத்துக்கு ஒன்றை உடைக்க நேர்ந்தாலும் மற்றது கெடாது.

புறப்படும்போது சூசை வாசலில் நின்று திரும்பினார். அவருடைய கேள்வி எந்த ஆண்டறிக்கையிலும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய கேள்வி. விலைவாசி ஏறும் வேகம் வட்டியின் வேகத்தைவிடக் கூடினால், வைப்பிலிட்டவன் பணக்காரனாகிக்கொண்டே ஏழையாகிறான். இதை நான் அறிவேன். அறிந்திருந்தும் அவர்களுக்குச் சொல்லவில்லை; ஏனென்றால் அதற்கு என்னிடம் மாற்று வழி இருக்கவில்லை. விடை இல்லாத கேள்வியைக் கேட்டவர்மீது எனக்குக் கோபம் வந்தது. சொன்னதைச் செய்யும், குறுக்குக் கேள்வி கேட்காதேயும் என்று குரலை உயர்த்தினேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "மூண்டு வரியத்துக்கும் போட்டு பதினைஞ்சிலயே நிக்குமோ ஐயா?"

நிஸாரின் பங்குகள்

இடையில் நிஸாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னுடைய மேசைக்கு அவர் வாடகை வாங்குவதில்லை. ஆகையால் அவரை ஏசும் உரிமை எனக்கு முழுமையாக இல்லை. வட்டி தமது மார்க்கத்துக்கு ஆகாது என்பதால் அவர் வைப்பில் பணம் போடுபவரல்லர். பங்குச் சந்தைக் கணக்கு திறக்க வேண்டும் என்றபோது நான் மிகவும் மகிழ்ந்து படிவம் நிரப்பினேன். பங்கு வாங்குகிறவன் கடன் கொடுப்பவனல்லன். கம்பனியின் உரிமையில் ஒரு துண்டை வாங்குகிறான். கம்பனி உழைத்தால் அவனும் உழைப்பான், கம்பனி வீழ்ந்தால் அவனும் வீழ்வான். நானே பதினான்கு வருடமாக ஒரு கம்பனியின் பங்குகளை வைத்திருக்கிறேன். அதன் விலை பாதியாகியதையும் பார்த்தேன், இரு மடங்காகியதையும் பார்த்தேன். பங்கிலாபம் வரும் மாதம் தவிர மற்ற மாதங்களில் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நிஸாரோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் விலை பார்ப்பார். ஏறினால் இன்னும் வாங்குவார். இறங்கினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விற்பார். அதாவது, ஒவ்வொரு முறையும் விலை கூடிய நேரத்தில் வாங்கி, குறைந்த நேரத்தில் விற்பார். மக்கள் பிறப்புச் சான்றிதழை நீட்டிக்கொண்டு நிற்க, இயந்திரம் தாளை விழுங்கி நிற்க, இவர் திரையைத் தடவிக்கொண்டிருப்பார். றோசலின் கருவாட்டுப் பெட்டிகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, பங்கு வாங்கினால் மூன்று வருடத்துக்குள் மூன்று இலட்சம் வராதா என்று ஒருநாள் கேட்டார். வரலாம், மூன்று இலட்சம் போகவும் செய்யலாம் என்றேன். பத்து வருடம் கண்ணால் பார்க்கத் தேவையில்லாத பணத்தைத்தான் பங்கில் போடலாம். நாளை போட்டு வாங்க வேண்டிய பணத்தைப் போடக்கூடாது. உதாரணத்துக்கு நிஸாரைக் காட்டி, நீ வாங்கியிருக்கிறாயே, அந்தக் கம்பனி என்ன தொழில் செய்கிறது, சொல்லு பார்ப்போம் என்று அவரைக் கேட்டேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அவங்கள் என்ன செய்தா எனக்கென்ன அண்ணை? நான் என்ன வச்சிருக்கவோ வாங்கினனான், விக்கத்தானே வாங்கினனான்."

மூன்று சகோதரர்கள்

அடுத்த வருடம் பேசாலைக்கு ஒரு முகவர் வந்தார். கழுத்துப்பட்டி, பளபளத்த சப்பாத்து, சுவரில் படம் காட்டும் கருவி. வெளிநாட்டு நாணய வியாபாரத்தில் பணத்தைப் போட்டு மாதம் ஏழு வீதம் தருவதாக ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்துச் சொன்னார். பணம் போட்ட சிலருக்கு முதல் மாதம் சொன்ன நாளில், சொன்ன தொகை, தொலைபேசிக்கே வந்து சேர்ந்தது. பன்னிரண்டு இலட்சத்துக்கு மாதம் எண்பத்துநாலாயிரம். நான்கு மாதத்தில் மூன்று இலட்சத்துக்கு மேல். நான் மூன்று வருடம் என்று சொன்ன தூரத்தை அந்த மனிதர் நான்கு மாதமாகச் சுருக்கிவிட்டார்.

றோசலின் வந்து கேட்டபோது என் பொறுமை முதல் நிமிடத்திலேயே தீர்ந்தது. மாதம் ஏழு வீதத்தை வட்டிக்கு வட்டியாகச் சேர்த்தால் வருடத்துக்கு நூற்று இருபத்தைந்து வீதம். அவ்வளவு உழைக்கத் தெரிந்தவன் பதினைந்து வீதத்துக்கு வங்கியில் கடன் எடுத்து, தானே கோடீசுவரனாகாமல், கருவாடு விற்பவளின் வாசலில் வந்து ஏன் நிற்கிறான்? கூடிய இலாபம் என்பது கூடிய ஆபத்துக்குக் கொடுக்கப்படும் விலை. ஆபத்து கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அது இல்லை என்று பொருளல்ல. அது உங்கள் தலைமீது வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

இவை எதுவும் எடுபடவில்லை என்று கண்டு, அவர்களுடைய வீட்டு வழக்கத்தையே எடுத்தேன். சூசைக்கு இரண்டு தம்பிமார். மூவரும் நண்டுக்குப் போகிறவர்கள். ஆனால் மூவரும் ஒருநாளும் ஒரே போட்டில் ஏறுவதில்லை. ஆள் குறைந்து போட்டு கரையில் கிடந்தாலும் ஏறுவதில்லை. அந்தக் கரையில் பல குடும்பங்களில் அது பேசாமலே கைக்கொள்ளப்படும் விதி. ஒரு போட்டு கவிழ்ந்தால் மற்ற இரண்டு வீட்டுக்காவது ஆண்பிள்ளை இருக்க வேண்டும். கடலில் இவ்வளவு தெளிவாக இருக்கிற நீங்கள், கரையில் மட்டும் முழுப் பணத்தையும் ஒரே போட்டில் ஏற்றுவது எந்த அறிவு என்று கேட்டேன். றோசலின் கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடினார். பின்னர், எனக்குச் சொல்வது போலன்றித் தமக்கே சொல்வது போலச் சொன்னார்: "அதில உயிரெல்லோ ஐயா போறது. இதில காசுதானே எண்டு நினைச்சிட்டம்."

ஆறு பக்கங்கள்

இனி எழுதப்போவதை நான் விரும்பி எழுதவில்லை. இரண்டு வாரம் கழித்து, பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை, கடை நிறைந்திருந்த நேரத்தில் சூசை தனியாக வந்தார். தனியாக என்பதும் சரியல்ல. சம்மாட்டியின் போட்டில் ஓடும் வேறு இரண்டு பேர் அடையாள அட்டைப் பிரதி எடுக்க வந்து அங்கே நின்றார்கள். சூசை ஒரு நீல நிற உறையிலிருந்து ஆறு பக்கங்களை எடுத்து, மேசையில் நேராக வைத்து, ஓரங்களைத் தட்டிச் சமன் செய்தார். முகவரின் ஒப்பந்தம். முழுவதும் ஆங்கிலம். வாசித்துச் சொல்லும்படி கேட்டார்.

நான் தலைப்பை மட்டும் பார்த்தேன். பார்த்ததும் கோபம் என் தலைக்கேறியது. ஒரு வருடமாக நான் தொண்டை கிழியச் சொன்னது எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன். அதுவரை அவரை 'நீர்' என்றே பேசிவந்தவன் அன்று 'நீ' என்றேன். "அறிவிருந்தா இருபது வரியம் இன்னொருத்தன்ர போட்டில ஓடியிருப்பியா?" என்றும் சொன்னேன். இதை அப்படியே எழுதுகிறேன். மெருகூட்டவோ குறைக்கவோ இல்லை. சம்மாட்டியின் ஆட்கள் இருவரும் சிரித்தார்கள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். நான் ஒப்பந்தத்தைத் தள்ளினேன். தாள்கள் நிலத்தில் விழுந்தன.

சூசை குனிந்து பொறுக்கினார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அடியில் இருந்த இலக்கங்களைப் பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக அடுக்கினார். உறைக்குள் வைத்தார். சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து மேசையில் வைத்து, அது பறக்காதபடி மேலே என்னுடைய பேனையையும் வைத்தார். அவருடைய குரல் உயரவில்லை: "வாசிச்சுச் சொல்லுங்கோ எண்டுதான் வந்தனான் ஐயா. ஏசுறதுக்கு எவ்வளவெண்டு தெரியாது, வாசிக்கிற காசை வச்சிட்டுப் போறன்."

நான்காம் பக்கம்

அதிலிருந்து ஐந்தாம் மாதம் றோசலின் அந்த நீல உறையோடு வந்தார். முகவரின் தொலைபேசி அணைந்திருந்தது. மண்டபத்துக்கு வாடகையும் கொடுக்காமல் போயிருந்தார். மூன்று மாதம் ஏழு வீதம் ஒழுங்காக வந்தது. வந்ததையும் எடுக்காமல், வட்டி வட்டி உழைக்கட்டும் என்று அதற்குள்ளேயே திருப்பிப் போட்டிருந்தார்கள். அந்தப் பாடத்தை அவர்களுக்குக் கற்பித்தவன் நான். பொலிசுக்கு ஒரு முறைப்பாடு எழுதித் தர வேண்டும் என்றார். சூசை உள்ளே வரவில்லை. வீதியின் மறுகரையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, கடையைப் பாராமல், பஸ்களைப் பார்த்தபடி நின்றார்.

முறைப்பாட்டுக்காக ஒப்பந்தத்தை முதல் தடவையாக வாசித்தேன். பத்து நிமிடம்கூடச் செல்லவில்லை. முதல் மூன்று பக்கங்களிலும் வழக்கமான புளுகு. நான்காம் பக்கத்தின் நடுவில், மற்றைய எழுத்துகளின் அளவிலேயே, எந்த ஒளிவுமறைவுமின்றி ஒரு வாசகம் இருந்தது. செலுத்தப்படும் தொகை, செலுத்துபவர் தமது சுயவிருப்பின் பேரில் அளிக்கும் அன்பளிப்பு. அதைத் திருப்பிக் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. இதற்கு நிதியியல் வேண்டியதில்லை. வட்டி வீதம் வேண்டியதில்லை. அந்த ஒரு வாசகத்தைத் தமிழில் வாசித்துக் காட்டியிருந்தால், இருபது வருடம் இன்னொருவருக்கு உழைத்த மனிதன், யாருக்காவது ஆறு இலட்சம் அன்பளிப்புச் செய்யச் சம்மதித்திருப்பானா? அன்று என் மேசையில் அது கிடந்தது. நான் தள்ளிவிட்டேன்.

ஆம், ஆறு இலட்சம், பன்னிரண்டு அல்ல. கடையிலிருந்து திரும்பிய அன்று மாலையே சூசை, யாரும் வாசித்துச் சொல்லாத அந்தத் தாளில் ஒப்பமிட்டாராம். எல்லாப் பணத்தையும் எடுத்து வா, இந்தப் பட்டணத்துப் படிப்பாளிக்கு நான் யாரென்று காட்டுகிறேன் என்றாராம். றோசலின் வங்கிக்குப் போய் ஒரு பத்திரத்தை மட்டும் உடைத்தார். மற்றதை முதிர்வுக்கு முன் உடைக்க வங்கி விடாது என்று கணவரிடம் ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்யைக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொல்லிவிட்டதாகவும் என்னிடம் சொன்னார்.

அந்த முகவர்மீது எனக்கு உள்ள கோபத்தை எழுதத் தாள் போதாது. மண்டபத்தைக் கொடுத்தவர்கள், கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து தலையாட்டிய பெரிய மனிதர்கள், முறைப்பாட்டை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு அடுத்த மாதம் வரச்சொன்ன உத்தியோகத்தர் ஆகிய எல்லோர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் கணக்கு என்று வந்தால் எதையும் மறைக்காமல் போட வேண்டும் என்று பிறருக்குச் சொல்பவன் நான். ஆகையால் இதையும் போடுகிறேன். கணபதிப்பிள்ளைக்குக் கத்தியதைவிடச் சூசைக்கு நான் கத்தியதன் விலை ஆறு இலட்சம் ரூபாய் அதிகம். சம்மாட்டியின் போட்டில் அவர் ஓடவேண்டிய வருடங்கள் அதற்கேற்பக் கூடியிருக்கின்றன.

முறைப்பாட்டை இரண்டு பிரதிகளாக எழுதிக் கொடுத்தேன். கூலி வேண்டாம் என்றேன். வீதியைக் கடந்து சூசையிடம் போய் ஒரு வார்த்தை சொல்வதா என்று எழுந்தேன். றோசலின் கையால் மறித்தார். இப்போது வேண்டாம், அவர் இன்னும் உங்கள் கடைப் பக்கம் தலை திருப்புகிற நிலையில் இல்லை என்றார். உறையைக் கைப்பைக்குள் வைத்து, முந்தானையை இழுத்துச் சரிசெய்து, வாசற்படியில் நின்று, கோபமுமில்லாமல் அழுகையுமில்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கள் சொன்னதால ஆறு லட்சம் மிஞ்சினது ஐயா. நீங்கள் ஏசினதால ஆறு லட்சம் போனது. உங்களுக்கு நான் நன்றி சொல்லிப்போட்டுப் போறதோ சொல்லாமப் போறதோ எண்டு எனக்கே விளங்கேல்லை."

எந்தக் கடனின் உண்மையான வட்டியையும் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பென்சிலும் பத்து நிமிடமும் போதும். அதைக் கேட்பவர் எழுந்து போய்விடாதபடி சொல்வதற்கான வழியை மட்டும், இத்தனை ஆண்டறிக்கைகளை வாசித்தும், நான் இன்னும் படித்து முடிக்கவில்லை.